எதுவும் முளைக்காத தட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று காலை லேபில் அந்தத் தட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இரண்டு காதும் கொதித்தன. தட்டில் ஒன்றுமே முளைத்திருக்கவில்லை.

முளைக்காவிட்டால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நான் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் பெண்களுக்குப் பிறப்பு வழியிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டு எடுத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். அதில் நாங்கள் தேடுவது ஒரே ஒரு பயலைத்தான். பி வகை ஸ்ட்ரெப் என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி கோத்தது மாதிரி வரிசையாக நிற்பான், அதனால் லேபில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மாலைக்காரன். நாலைந்து பெண்களில் ஒருத்தியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருப்பான். அவளுக்கு ஒரு தொந்தரவும் தரமாட்டான். பிரசவ நேரத்தில் குழந்தையிடம் தாவினால்தான் வினை. பெரும்பாலான குழந்தைகள் தப்பித்துவிடும். தப்பாத குழந்தையின் இரத்தத்திலும் நுரையீரலிலும் புகுந்து ஒன்றிரண்டு நாளில் கதையை முடித்துவிடுவான். அவன் இருக்கிறான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பிரசவம் ஆரம்பித்ததும் தாய்க்கு நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றினால் போதும்.

மற்றக் கிருமிகளை அடக்கிவிட்டு அவனை மட்டும் வளரவிடுகிற திரவம் ஒன்று உண்டு. விதிப்படி குச்சியை அதில் போட்டால் போதும். நான் அதோடு நிறுத்துவதில்லை. கிருமிக்குத் தீனிக் கூழ் ஊற்றி உறைய வைத்த, எது வேண்டுமானாலும் வளரக்கூடிய சாதாரணத் தட்டு ஒன்றிலும் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து வைப்பேன். "அக்காவுக்கு ஒரு தட்டை வீணாக்கலைன்னா தூக்கம் வராது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். மனித உடம்பில் அந்த இடத்தில் கிருமியே இல்லாத ஆள் உலகத்தில் கிடையாது. சாதாரணத் தட்டில் பத்து விதம் முளைத்தால், குச்சி சரியாகத் தொட்டு வந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதி. இந்தத் தட்டோ கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. அப்படியானால் குச்சியில் வந்த எல்லாக் கிருமியும் வழியிலேயே செத்திருக்கிறது. மாலைக்காரன் இருந்திருந்தால் அவனும்தான். நேற்று நான் லீவில் இருந்தபோது வேறொருவர் திரவத்தை மட்டும் பார்த்து "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, விதிப்படிதான் செய்திருக்கிறார்.

தட்டைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன். என் நாத்தனார்.

வீட்டில் அவளைப் பளிச்சு என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க நீலத் துணியால் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து, வீட்டுக்கு வந்தும் கை நிற்காது. கதவுப் பிடி, சுவிட்ச், ஃபோன், அடுத்தவர் சட்டைப் பொத்தான் என்று எல்லாவற்றையும் துடைப்பாள். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நானும் என் கணவரும், முதல் மாடியில் அவளும் அவள் புருஷனும். என் மாமியார், அதாவது அவளைப் பெற்றவர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார்.

அவளுடைய முதல் குழந்தை ஆண். வேறொரு சின்ன மருத்துவமனையில் பிறந்தான். நன்றாகத்தான் அழுதான், நன்றாகத்தான் பால் குடித்தான். மறுநாள் சாயங்காலம் குடிக்க மறுத்தான், முனகினான், மூச்சு வேகமாக வாங்கினான், போய்விட்டான். எந்தக் கிருமி என்று அங்கே யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை. "இன்ஃபெக்‌ஷன்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு அழுக்கு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். "எங்கயோ சுத்தம் பத்தலை" என்று மாமியார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொன்னதோடு சரி, அவர் மறந்தும் போனார். பளிச்சு மறக்கவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டாவது, ஒன்பதாம் மாதம் நடக்கிறது. ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வந்ததும் மாமியார் எல்லா மாடிக்கும் பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "என் பொண்ணு உடம்புல ஒரு பொட்டு அழுக்கு இல்லையாம், ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க." என் வீட்டுக் கதவிலும் ஒரு பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தின்று தொலைத்திருந்தேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நிதானமானவர், எதற்கும் குரலை உயர்த்தமாட்டார். தட்டைக் கையில் வாங்கி ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே."

"அதான் மேடம் பிரச்சினை."

"ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல மேடம். அவ தலைவலிக்கே மாத்திரை போடமாட்டா."

"அப்போ என்ன நடந்ததுன்னு கேட்டுட்டு வாங்க. இந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், மறுபடி எடுத்துடலாம். ஆனா அவங்க சம்மதிக்கணும், கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வராதீங்க." என் குணம் அவருக்குத் தெரியும்.

மதிய இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பளிச்சு மேசைக்கு அந்தப் பக்கம் வயிற்றை முட்டுக்கொடுத்து நின்று ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் உள்ள வா."

"கஸ்டமர் இருக்காங்க அண்ணி."

"கஸ்டமரோட கண்ணு எங்கயும் ஓடிப்போகாது. வா."

கடையின் பின்னறையில் கண்ணாடி அறுக்கும் மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நல்லதாகப் போயிற்று. நான் கேட்ட கேள்வி வெளியே கேட்டிருந்தால் அவள் உயிரை விட்டிருப்பாள்.

"டெஸ்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ எதைப் போட்டுக் கழுவின?"

முகம் குப்பென்று சிவந்தது. "ஐயோ அண்ணி, இதெல்லாம் இங்கயா கேப்பாங்க?"

"கேட்டாச்சு. சொல்லு."

"டாக்டர் முன்னாடி போய்ப் படுக்கணும். சுத்தமா போக வேண்டாமா?"

"எதைப் போட்டு?"

"வழக்கமா போடறதுதான். அம்மா வாங்கி வெப்பாங்கல்ல, அந்தப் பழுப்பு பாட்டில்."

அந்தப் பழுப்பு பாட்டிலால் மாமியார் கழிப்பறைத் தரையைத் துடைப்பார்.

"வழக்கமான்னா எப்போலேருந்து?"

அவள் கையிலிருந்த நீலத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவன் போனதுலேருந்து. தினமும்."

"தரை துடைக்கற மருந்துடீ அது! உனக்கென்ன பைத்தியமா? புண்ணாயிட்டா என்ன பண்ணுவ? குச்சியில வந்த கிருமி எல்லாத்தையும் கொன்னுட்டு, கிருமி இல்லைன்னு ரிப்போர்ட் வாங்கி வெச்சிருக்க! மேல இருக்கறதுதான் அதுல சாகும். உள்ள குடல்ல இருக்கறவன் மறுபடி இறங்கி வருவான். குழந்தை வர்ற நேரத்துல அவன் அங்க நிப்பான். மறுபடி டெஸ்ட் எடுக்கணும்."

மெஷின் நின்றது. என் கடைசி வார்த்தை கடை முழுக்கக் கேட்டிருக்கும். பளிச்சு என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணி. நல்லா வந்த ரிப்போர்ட்டை ஏன் கலைக்கறீங்க? ரெண்டு வருஷம் கழிச்சு நேத்திக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன். என்கிட்ட அழுக்கு இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. மறுபடி பார்த்து இருக்குன்னு வந்துட்டா? அப்போ அவனை நான்தான் கொன்னேன்னு ஆயிடும்ல?"

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கஸ்டமரிடம் போய்விட்டாள். நான் அந்த அறையில் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் முதல் மாடியில் பஞ்சாயத்து கூடியது. மாமியார் நாற்காலியில், பளிச்சு கட்டிலில், அவள் புருஷன் கதவோரம் காக்கிச் சட்டையோடு. டவுன் பஸ் ஓட்டுகிறவர், பஸ்ஸை எவ்வளவு யோசித்து ஓட்டுவாரோ, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவும் அவ்வளவு யோசிப்பார். என் கணவர் பேப்பரை விரித்து அதற்குள் குடிபோய்விட்டார்.

"நல்லது நடந்தா சில பேருக்குப் பொறுக்காது" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அத்தை, சுவர்கிட்ட பேசாதீங்க, என்கிட்டயே சொல்லுங்க."

"சொல்றேன். என் பொண்ணு மாதிரி சுத்தமானவளை இந்த ஊர்ல காட்டு. அவளுக்குக் கிருமியா? சுத்தமா இருக்கறது ஒரு தப்பா?"

காது சூடானது. ஆனால் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கத்தினால் இவர்களிடம் வேலை நடக்காது. நான் எழுந்து மேலே போய், லேபிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த ஐந்து புதுத் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன்.

"சரி, பார்த்துடலாம். எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. சோப்பு எவ்வளவு வேணும்னாலும் போடுங்க, அந்த பாட்டில் மட்டும் கூடாது. வந்து ஆளுக்கொரு தட்டுல அஞ்சு விரலையும் வெச்சு அழுத்துங்க. யாரு சுத்தம்னு நாளான்னிக்குச் சொல்றேன்."

மாமியார் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி முழங்கை வரைக்கும் நுரை பூசித் தேய்த்தார். அவர் முடிப்பதற்குள் நாங்கள் நாலு பேரும் கழுவித் துடைத்து உட்கார்ந்துவிட்டோம். பஸ்காரர் பேருக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். ஐந்து தட்டிலும் ஐந்து பேர் விரல். மூடியின் மேல் அவரவர் பெயரை அவரவரே எழுத வைத்தேன். பின்னால் தகராறு வரும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. ஐந்து தட்டையும் லேபில் வளர்த்து, இரண்டு நாள் கழித்து ஃபோனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாத் தட்டிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருந்தன. பஸ்காரர் தட்டில்தான் கொஞ்சம் குறைச்சல். மாமியார் தட்டில் விரல் வைத்த ஐந்து இடமும் மொத்தையாக மூடிக் கிடந்தன. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால் தோலின் மடிப்புக்குள் இருப்பவர்களும் மேலே வந்துவிடுவார்கள்.

"இது என் கையே இல்ல" என்றார் மாமியார்.

"உங்க கையெழுத்து மேல இருக்கு அத்தை."

"தட்டு மாறியிருக்கும்."

பஸ்காரர் தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அப்போ இந்த வீட்டுலயே நான்தான் சுத்தமா அக்கா?" என்று கேட்டார். பேப்பருக்குள்ளிருந்து என் கணவர் சிரித்தார். முதலில் அவர் சிரித்தாரா பளிச்சு சிரித்தாளா தெரியவில்லை, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம்.

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன். "அத்தை அழுக்கா?" என்று அவளைக் கேட்டேன். "இந்தக் கைதானே உன்னையும் உங்க அண்ணனையும் வளர்த்துச்சு? உங்களுக்கு என்ன ஆச்சு, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க. கிருமி எல்லாரு மேலயும் இருக்குடீ. அது அழுக்கு இல்ல. நான் தேடறவனும் அப்படித்தான், குடல்ல சும்மா இருப்பான், இன்னிக்கு இருப்பான், அடுத்த மாசம் இல்லாமலும் போவான். குளிக்காதவங்களைப் பார்த்துத் தேடிப் போறதில்ல. என் மேசைக்கு வர்ற டீச்சருக்கு இருக்கு, போலீஸ்காரம்மாவுக்கு இருக்கு, எங்க ஆஸ்பத்திரி டாக்டருங்களுக்கே இருந்திருக்கு. அவங்க எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள், தன் தட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இருந்தா, இப்பவே மாத்திரை போட்டுக் கொன்னுட முடியாதா அண்ணி?"

"இப்போ கொன்னா பிரசவத்துக்குள்ள திரும்பி வந்துடுவான். அதனாலதான் பிரசவ நேரத்துல பிடிக்கறது."

"சரி" என்றாள். "மறுபடி குச்சி வைங்க."

அதற்கு முன் சில நாள் அந்த பாட்டிலைத் தொடக் கூடாது. அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. குளியலறைக்குள் போனவள் வெறும் தண்ணீரோடு வெளியே வரமுடியாமல் உள்ளேயே நின்றுகொண்டிருப்பாள். கடைசியில் பஸ்காரர் பாட்டிலை டிபன் பைக்குள் போட்டு டிப்போவுக்கே கொண்டுபோய்விட்டார். அங்கே அதை ஊற்றிப் பஸ் படிக்கட்டைக் கழுவினார்களாம். இது மாமியாருக்குத் தெரியாது.

இரண்டாவது குச்சி வந்தது. இந்தத் தடவை ஒருவரையும் அந்தப் பக்கம் நெருங்கவிடவில்லை, எல்லாம் நானே செய்தேன். சாதாரணத் தட்டில் மறுநாளே விதவிதமாக முளைத்துக் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. அதற்கடுத்த நாள், திரவத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தடவியிருந்த தட்டைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய தெளிந்த வளையம். மாலைக்காரன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டினியாடா!" என்று கத்தினேன். லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உறுதி செய்யும் சோதனைகளையும் முடித்து டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்த சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தைப் பளிச்சுவிடம் எப்படிச் சொல்வது என்று வீடு போய்ச் சேரும் வரை தெரியவில்லை.

படியில் காத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"இருக்கா?"

"இருக்கான்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ அவனையும் இதுதான்."

"தெரியாது. அன்னிக்கு யாரும் பார்க்கலை, இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். இதுவாவே இருந்தாலும் நீ கொல்லலை. உனக்கு அன்னிக்கு யாரும் தேடலை, யாரும் ஊசி போடலை. அது உன் தப்பு இல்ல. இந்தத் தடவை தேடினோம், பிடிச்சோம். இப்போ அவன் எங்க இருக்கான்னு நமக்குத் தெரியும், நாம அவனுக்கு என்ன வெச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியாது."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால் செய்ய வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் உடைந்தால் வலிக்குக் காத்திருக்காதே. சாப்பிட்டுட்டு வரேன், துடைச்சுட்டு வரேன் என்று நிற்காதே. உடனே கிளம்பு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் மருந்து நாலு மணி நேரமாவது உள்ளே இருந்தால் நல்லது. ரெண்டாவது பிரசவம் ஓடி வரும்.

ஓடித்தான் வந்தது. ஒரு வாரம் கழித்துக் காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தண்ணீர் உடைந்தது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றது சாட்சாத் அவள் புருஷன் ஓட்டும் பஸ். அந்த வழித்தடத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததை அவளே சொல்லித்தான் கேட்டேன். பொண்டாட்டி ஏறியதும் பஸ்காரர் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டாராம். குலுங்கக் கூடாது என்று பஸ்ஸைத் தொட்டில் தள்ளுகிற மாதிரி ஓட்டினாராம். ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்றாம். பஸ்ஸில் இருந்த பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"ஏங்க, நடந்தே போயிருக்கலாம் போல இருக்கே, மிதிங்க!"

"பள்ளம் இருக்கும்மா."

"பள்ளத்தை நாங்க பிடிச்சுக்கறோம், நீங்க மிதிங்க!"

இரண்டு பெண்கள் பளிச்சுவை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். "என் ஸ்டாப் போனா போகட்டும், நிறுத்தாதீங்க" என்று ஒரு பெரியவர் கத்தினாராம். பஸ்ஸிலிருந்து அவள் ஃபோன் செய்ததும் ஓடிவந்து, நான் லேப் கோட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, பஸ் முழுக்க ஜன்னலில் தலைகளோடு வந்து நின்றது. இறங்கும்போது அவளுக்கு வலி ஆரம்பித்துவிட்டிருந்தது.

"பாசிட்டிவ் கேஸ் சிஸ்டர், பென்சிலின், பென்சிலின்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளினேன்.

"தெரியும்மா, ஃபைல்ல சிவப்புல எழுதியிருக்கு, நீங்க ஓடாதீங்க" என்றார் சிஸ்டர். ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு, நரம்பு தேடி, மருந்தை மாட்டினார். முதல் சொட்டு விழுவதைப் பார்த்தேன். டாக்டரம்மா வந்து பரிசோதித்துவிட்டு, "சீக்கிரம் பிறந்துடும் போல இருக்கே" என்றார். மருந்து ஏற ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த மதியம் போன மாதிரி ஒரு மதியம் எனக்கு வேண்டவே வேண்டாம். மாலைக்காரனை எத்தனையோ வருஷமாகத் தட்டில் பார்க்கிறேன். தட்டில் அவன் வெறும் புள்ளி. இப்போது எங்கள் வீட்டுக் குழந்தை வரும் வழியில் நிற்கிறான். நான் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டே நின்றேன். பளிச்சு வலியில் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டே, "போதுமா அண்ணி, மருந்து போதுமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம்டீ கண்ணு, இன்னும் கொஞ்சம்" என்றேன். அவளைக் கண்ணு என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குழந்தைக்கு எங்கள் பதற்றம் புரிந்ததோ என்னவோ, பாதி வழியில் கொஞ்சம் இளைப்பாறியது. சிஸ்டர் இரண்டாவது வேளை மருந்தைக் கொண்டுவந்து மாட்டினார். அப்படியென்றால் நாலு மணி நேரம் தாண்டிவிட்டது. "போதும்! இப்போ வரலாம், வா!" என்று நான் கத்தினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க வாயை மூடினா வந்துடும்" என்றார். வந்துவிட்டது. பெண். வார்டே அதிர்கிற மாதிரி ஒரு அழுகை.

எல்லோரும் சிரித்தார்கள், பளிச்சு சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் போகட்டும்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தது. வார்டில் அவள் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். பஸ்காரர் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். என் கணவர் பேப்பர் கொண்டுவர மறந்து, எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றார். சிஸ்டர் அவ்வப்போது வந்து காய்ச்சல் பார்த்தார், மூச்சை எண்ணினார், "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனார். குழந்தை தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. பளிச்சு பால் கொடுக்க எடுத்தாள், அது வாயைத் திறக்கவில்லை.

"அண்ணி, குடிக்கலை. அவனும் இப்படித்தான்."

நான் குனிந்து குழந்தையின் பாதத்தைச் சுண்டினேன். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. முகம் சுருங்கியது, கை இரண்டும் முறுக்கின, அடுத்த நொடி அது போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் அழ ஆரம்பித்தது. கத்தி முடித்து, தானாகவே தலையைத் திருப்பி முட்டி முட்டித் தேடியது. பசிக்கிறது, வேறொன்றுமில்லை.

"அப்படியே அக்கா குணம்" என்றார் பஸ்காரர். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பளிச்சு குழந்தையை மார்போடு அணைக்கப் போனாள். அப்போது மாமியார் பையைத் துழாவினார். உள்ளேயிருந்து பஞ்சையும், புத்தம் புதிதாக ஒரு பழுப்பு பாட்டிலையும் எடுத்தார்.

"இரு இரு. துடைச்சுட்டுக் குடு. பிள்ளை வாய்ல போறது, சுத்தமா இருக்க வேண்டாமா?"

எனக்குக் காது சூடாகி, வாய் திறந்தேவிட்டது. பளிச்சு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூடி வைம்மா. நான் சுத்தமாத்தான் இருக்கேன்."

"இல்லைன்னு யாரு சொன்னா? இருந்தாலும்..."

"அவனைப் பெத்தப்பவும் நான் சுத்தமாத்தான் இருந்தேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாமியார் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்றோ ஒரு நாள் தான் சொன்னது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாட்டிலை மூடிப் பைக்குள் வைக்கப் பார்த்தார், மூடி மரையில் உட்காரவில்லை, பஸ்காரர் வாங்கி மூடினார்.

"ஆமாம்மா" என்றார் மாமியார். மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இருந்த. நீ சுத்தமாத்தான் இருந்த. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

பளிச்சு அப்படியே சாய்ந்தபடி குழந்தைக்குப் பால் கொடுத்தாள். குழந்தை வாயின் ஓரத்தில் பால் வழிந்து அவள் கையிலும் சட்டையிலும் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. நான் வராந்தாவுக்குப் போய், யார் பார்த்தால் என்ன என்று, நன்றாகச் சத்தம் போட்டு அழுதேன்.